சின்னக்கண்ணு மகள்

எடைமேடைச் சாளரத்தில்
பதினெட்டைப் பதின்மூன்று என்று எழுதிவிட்டேன்.
ஐந்து டன் செம்பனைக் குலை
என் கண்ணுக்குள் விழுந்து காணாமல் போனது.
லோரிக்காரர் ரோஸ்லான் சிரித்துக்கொண்டே திருத்தச் சொன்னார்.
மில் மேனேஜர் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே
கோலகெட்டில் தெருவிளக்குகளுக்கு வால் முளைத்திருந்தது.
பாசார் மாலாமில் அப்பம் பாலிக் கடைக்கு
ஒரே பல்பு,
எனக்கு மட்டும் மூன்று.
ஏப்ரலில் கண்ணாடி மாற்றினேன்,
ஆகஸ்டில் மறுபடி.
மூன்றாம் முறை போனபோது
கண்ணாடிக்கடை லிம் அளவெடுக்கவே இல்லை.
"உன் நம்பர் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது,
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மலாயில் சொல்லிச்
சீட்டெழுதித் தந்தார்.

மங்கலில் ஒரு வசதி உண்டு.
நிலைக்கண்ணாடியில் மோவாய் முடிகள் தெரிவதில்லை.
விரலுக்குத் தெரியும்.
இருட்டிலும் எண்ணிச் சொல்லும்.

சுங்கைப்பட்டாணி.
"யோகா மாலார், சீனா கானு!"
தாதி ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரை உடைத்தாள்.
கண் பிரிவில் ஒரு சின்னக்கண்ணு.
கடைசி வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் சிரித்தார்,
தமிழர்தான்.

"மோவாயை இங்கே வை."
எந்த மோவாயை
ஏழு வருடமாக முந்தானையில் மறைத்தேனோ
அதைக் கொண்டுபோய்
வெளிச்சத்தில் வைத்தேன்.
வட்டத்துக்குள் வட்டமாய் ஒளி.
இமைக்காதே என்றார்கள்.
திரையில் என் கண் வரைபடமாய் விரிந்தது,
பச்சை, நீலம்,
கீழோரம் மட்டும் பழுத்து உதிரும் செம்பனை நிறம்.

டாக்டர் ஹஸ்லினா அந்தப் பழுப்பைப் பார்த்தபடி கேட்டார்:
"மாதம் ஒழுங்காக வருகிறதா?"

பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கேள்விக்கு
என் பையில் பல பதில்கள் உண்டு.
முழுகாமல் இருக்கிறாயா என்று
கிசுகிசுக்கும் நாத்தனாருக்கு ஒன்று,
கோயில் வாசலுக்கு ஒன்று,
விடுப்புக் கடிதத்துக்கு ஒன்று.
இவரிடம்
மோவாயை எடுக்காமலே சொன்னேன்:
"நாலு மாசமா இல்லை.
சினைப்பையில் நீர்க்கட்டி."

அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.
"இருக்கலாம்" என்றார்.
ஹார்மோன் ஏறி இறங்கினால்
கருவிழிப் படலம் தடிக்கலாம், வளையலாம்,
கண்ணீர் வற்றலாம்.
சில ஆய்வுகள் ஆமென்கின்றன, சில தயங்குகின்றன.
கண்ணைத் தேய்க்காதே என்பதை மட்டும்
இரண்டு தரம் சொன்னார்.

அந்தப் படலத்துக்கு ரத்தக்குழாய் கிடையாதாம்.
காற்றையும் கண்ணீரையும் குடித்தே
தெளிவாக இருக்குமாம்.

திரும்பும் பஸ்ஸில் தோட்டங்கள் ஓடின,
ஒவ்வொரு பனைக்கும் இரண்டு தலை.
ரத்தமே போகாத இடத்துக்கு
வராத ரத்தம்
எந்த வழியாய்ச் சேதி அனுப்பியது?
வயிறு வேறு, கண் வேறு என்று
இரண்டு அட்டை, இரண்டு வரிசை, இரண்டு நாள் விடுப்பு.
உள்ளே அவை
எப்போதோ பேசத் தொடங்கியிருக்கின்றன,
என்னிடம் சொல்லாமல்.

இன்று எடைமேடையில்
ரோஸ்லான் எண்ணை உரக்கப் படிக்கிறார்,
நான் எழுதுகிறேன்.
மளிகைக்கடை நாட்காட்டியில்
சொட்டுமருந்துக்கு மூன்று கோடு;
அதன் கீழே வேறொன்றுக்காக
விட்டுவைத்த கட்டம்,
இன்னும் வெள்ளையாய்.

மில் புகை இந்தப் பக்கம் திரும்புகிறது.
கண் அரிக்கிறது.
கைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.