முதுகுக்கு ஒரு சுவர்

உலான்பாத்தரில் ஜனவரியில்
பேனா மை உறைந்துவிடும்.
பென்சிலால் குறித்துக்கொண்டேன்:
கூரை ஒன்று. கண்ணாடி மூன்று பக்கம்.
நால்வர் அமர இரும்பு இருக்கை.
பற்பசைக்காரி சிரிக்கும்
ஆளுயர விளம்பரப் பலகை.
பயணிகள்: இல்லை.

இல்லை என்று எழுதியபிறகுதான்
தரையைப் பார்த்தேன்.
மதியம் காற்று உள்ளே தள்ளிய பனி
இருக்கையடியில்
மடிப்புக் கலையாமல் கிடந்தது.
பதினோரு எட்டு தள்ளி
பெட்டிக்கடையின் பக்கச்சுவரை ஒட்டி
அதே பனி
மிதிபட்டு, கறுத்து, மறுபடி உறைந்து
நூறு குதிகால்களைப் பிடித்து வைத்திருந்தது.

மூன்று மாதமாகக் கேள்வித்தாள் அச்சடித்தோம்.
ஒரே மதியத்தில்
அத்தனைக்கும் பதில் எழுதிவிட்டது பனி.

டோல்கோர்சூரன் ஒன்பதரைக்கு வந்தாள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
கையுறையைக் கழற்றினால் குளோரின் நெடி.
நேராக அந்தச் சுவருக்குப் போய்
முதுகை வைத்தாள்,
கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல.

உள்ளே உட்காரலாமே என்றேன்.
பலகையைக் காட்டினாள்.
"அதற்குப் பின்னால் யார் நிற்கிறான் என்று
அந்தச் சிரிக்கிறவளுக்குத்தான் தெரியும்.
போன வருஷம் ஒருத்தன் நின்றான்."
அதற்குமேல் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.

நிழற்குடை என்கிறோம்.
மைனஸ் முப்பத்திரண்டில்
நிழலை யார் கேட்டார்?
நிழலுக்குப் பயந்துதானே
பதினோரு எட்டு தள்ளி நிற்கிறார்கள்.

பல்ஜின்யாமுக்குப் பார்வை இல்லை.
மசாஜ் நிலையத்திலிருந்து திரும்புகிறவர்
என் குரலைக் கேட்டு நின்றார்.
"மாநகராட்சியா? நல்லதாயிற்று.
நீங்கள் பதித்த மஞ்சள் கல் தடம்
என்னை நேரே கூட்டிப்போய்
விளக்குக் கம்பத்தில் முட்டவைத்தது.
இரண்டு தடவை.
மூன்றாம் தடவை கம்பத்திடம்
சௌக்கியமா என்று கேட்டேன்."
குளிர்காலத்தில் அந்தத் தடமும் கிடையாது.
கல்லின் புடைப்பெல்லாம் ஐஸுக்கு அடியில்.
பெட்டிக்கடை மின்பெட்டி உறுமும் ஒலியைப்
பிடித்துக்கொண்டுதான் வருகிறாராம்.
அவரும் அந்தச் சுவருக்கே போனார்.

இரவு முழுக்க வரைந்தேன்.
முதுகுக்குக் கண் இல்லை,
ஆகவே பின்பக்கம் கெட்டிச் சுவர்.
பலகைக்கு அங்கே வேலை இல்லை.
விளக்கு கூரையில் வேண்டாம்;
வருகிறவன் முகத்தில் விழட்டும்.
வழி இரண்டு:
ஏறுவதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று.
பெட்டிக்கடையை நகர்த்தி
அதன் ஜன்னலை உள்பக்கம் திறந்தேன்,
கடைசிப் பேருந்து போகும்வரை
மூடாத ஜன்னலாக.
இருக்கை மூன்றுபேருக்குத்தான்.
நான்காம் இடம் வெறுந்தரை.

"வெறுந்தரைக்கு என்னவென்று கணக்கு எழுத?"
என்றார் இயக்குநர்.
சக்கர நாற்காலியில் வருகிறவர்
இருக்கையைத் தானே கொண்டுவருகிறார்,
இடம் மட்டும்தான் நாம் தரவேண்டும் என்றேன்.
தேநீரைக் குடித்தார்.
பலகைதான் கூரைக்குக் காசு தருகிறது என்றார்.
அது பொய்யில்லை.

நகரத்தில் எண்ணூறு நிறுத்தம் இருக்கும்.
ஒன்றே ஒன்றுக்குக் கையெழுத்துக் கிடைத்தது.
பலகை போகவில்லை,
வெளிக்கோடிக்குத் தள்ளிவைத்தார்கள்,
பற்பசைக்காரி இப்போது
சாலையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
கம்பத்தைப் பிடுங்கினார்கள்.
பல்ஜின்யாம் கேட்டார்: "என் சிநேகிதன் எங்கே?"

அடுத்த நவம்பரின் முதல் பனிக்கு
விடியுமுன் போய் நின்றேன்.
உள்ளே தடங்கள் இருந்தன.
சக்கரத்தின் இரட்டைக் கோடு
வெறுந்தரையில் ஏறி, ஒருமுறை திரும்பி,
இறங்கிப் போயிருந்தது.
ஜன்னலடியில் யாரோ சிந்திய பால்தேநீர்.

கடைக்கு வெளியே,
பழைய பக்கச்சுவரை ஒட்டி
இன்னும் ஒரு ஜோடிப் பாதம்.
சிறியவை. சாலையைப் பார்த்தவை.
வெகுநேரம் நின்று
பனியைக் கண்ணாடியாக்கியவை.

குனிந்து
பென்சிலை எடுத்தேன்.