முழுக்க முழுக்கத் தொழிலுக்கு

லிண்டன் பார்க்கினின் கணக்கை
முப்பத்தோரு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்,
ஹல் நகரில், கம்பளக் கடை மாடியில்.
அவன் வாசித்து ஆட்டம்போட்ட எந்த இரவிலும் நான் இருந்ததில்லை.
ரசீதுகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் ஒரு பூட்ஸ் பெட்டியோடு வந்தான்.
அடகுக் கடையில் டிரம் மெஷின், எண்பது பவுண்டு.
வேன் வாடகை. பெட்ரோல். லீட்ஸ். மறுபடி லீட்ஸ்.
பெயர் அச்சிடாத வெள்ளை லேபிளில்
முந்நூறு இசைத்தட்டு போட்டு
நாற்பத்தொன்று விற்றிருந்தது.
மீதியைச் சரக்கிருப்பு என்று எழுதினேன்.
"சரக்கா!" என்று சிரித்தான்.
பகலில் உறைமீன் ஆலையில் வேலை என்பதை
அவன் சொல்லவில்லை,
பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது.

பிறகு அந்தக் கோடை.
ஏழு நிமிஷம், வார்த்தையே கிடையாது,
நடுவில் ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள்.
அவ்வளவுதான், ராட்டர்டாம் எழுந்து நின்றதாம்.
அந்த மூச்சு அக்கா நோரீனுடையது;
படியேறி வந்து, சத்தத்தைக் குறைடா என்று கத்துவதற்கு முன்
இழுத்தது.
அவளுக்குப் பங்கு தரணுமா என்றான்.
தரணும் என்றேன்.
இன்றைக்கும் தருகிறான்.

இபிசா, லிஸ்பன், மறுபடி இபிசா.
மூன்று புனைபெயர்களில் பில் போட்டான்.
ஒருவன் இடிப்பான், ஒருவன் மிதப்பான்,
மூன்றாமவன் யாரென்று அவனுக்கே தெரியாது.
வரி கட்டியது மட்டும் ஒரே ஆள்.
ஒரு ஷாம்பு விளம்பரம் நோரீனின் மூச்சை விலைக்கு வாங்கியது.
அந்த வருஷம் வீடு.
அடுத்த வருஷம் பாதி வீடு; வக்கீல் கட்டணம்
செலவில் சேராது என்று சொன்னேன்.
ஒரு வருஷம் பெட்டியே வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது
பத்தொன்பதாயிரம் தடவை கேட்கப்பட்டதற்கு
ஐம்பத்தெட்டு பவுண்டு வருகிறது.
நாற்பது வயதுக்காரர்கள் குழந்தையை ஆளிடம் விட்டுவிட்டு
பதினொன்றரை மணிக்குள் ஆடி முடிக்கும் விருந்துகள்.
நல்ல வருமானம். பொய் சொல்லக் கூடாது.

இந்த ஜனவரி, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்
ஒரே ஒரு ரசீது, சட்டைப் பையிலிருந்து:
காதுக் கருவி, இரண்டாயிரத்து நானூறு.
"தொழில் செலவுதானே?"

விதி இருக்கிறது, லிண்டன்.
முழுக்க முழுக்கத் தொழிலுக்கு மட்டும் ஆனதாக இருக்க வேண்டும்.
இதை மாட்டிக்கொண்டால் கெட்டில் கொதிப்பது கேட்குமா?
"கேட்கும்."
நோரீன் போனில் பேசினால்?
"கழற்றிவிடுவேன்."

பிறகு, கேட்காமலே, பரிசோதனையைச் சொன்னான்.
கண்ணாடி அறை. கையில் ஒரு பொத்தான்.
ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.
அழுத்தினான், அழுத்தினான்.
கதவைத் திறந்து அந்தப் பெண் சொன்னாளாம்:
"மிஸ்டர் பார்க்கின், ஒன்றரை நிமிஷமாக
நான் எதையுமே ஒலிக்கவிடவில்லை."

தாளைப் பார்த்தாளாம்.
நாலுக்கு நாலு, இம்மி பிசகாமல்.

அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
திட்டவில்லை. கையெழுத்திட்டான்,
கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.
கீழே கடையில் கம்பளச் சுருள்களை
வண்டியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
திம். திம்.
ஒன்பதாம் படியில் அவன் நின்றது
எனக்குக் கேட்டது.