பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல்

தண்டனை போதாது என்கிறார் சட்டமா அதிபர்.
பதினான்கு நாளுக்குள் மேன்முறையீடு;
ஒன்பது போய்விட்டது.
வழக்கேட்டைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச்
சுமக்கிற ஆள் நான்.
மட்டக்களப்பு மேல் நீதிமன்றப் பின்னறையில்
காற்றாடி தாளைக் கிளப்பும்போதெல்லாம்
முத்திரைக் கட்டையை வைத்து அமத்துகிறேன்.

முதலாம் எதிரி கிதுர்சன், பத்தொன்பது.
இரண்டாம் எதிரி றொக்சன், பதினெட்டும் நாலு மாதமும்.
செங்கலடி தாண்டி, கறுத்தப்பாலத்துக்கு இப்பால்,
நம்பர் தகடு மடித்த மோட்டார் சைக்கிள்.
சொப்பிங் பேக்கில் நெல்லு விற்ற காசு
ஒரு இலட்சத்து எண்பத்திரண்டாயிரம்.
கத்தி, மீன் வெட்டுகிறது,
பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியது.
இதெல்லாம் இலகு.
காசுக்கும் கத்திக்கும் எந்த மொழியிலும் ஆள் இருக்கு.

தீர்ப்பும் இலகு.
வயது. முதற்குற்றம்.
அவள் சாட்சியம் முடிந்த மறுதவணையே ஒப்புக்கொண்டது.
இரண்டாண்டுச் சிறை, பத்தாண்டுக்கு ஒத்திவைப்பு.
அன்று பகல் கன்டீனில்
எதிரிகள் இருவரும் ஒரு ரோல்சைப் பாதியாக்கித் தின்றார்கள்.
சிரித்தார்களா என்றால், சிரித்தார்கள்.
அந்த வயதில் நெஞ்சுக்கல் இறங்கினால்
முகம் வேறெங்கே போகும், அதுவும் தெரியவில்லை.

பதினேழாம் பக்கத்தில் நிற்கிறேன், நேற்றிலிருந்து.
சாட்சி வள்ளிநாயகி, ஐம்பத்தாறு:
"காச எடு. காத விடு மனே,
நானே கழட்டித் தாறன்."
அவன் விடவில்லை.
தோடு சோணையோடு வந்தது.

மகன் என்று எழுதினேன்.
கொழும்பிலிருந்து அரச சட்டத்தரணியின் அழைப்பு:
சாட்சிக்கும் எதிரிக்கும் உறவா?
இல்லை, சேர்.
அப்ப அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்,
எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

எடுத்துப் பார்த்தேன்.
வசனம் நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் இந்த ஊரில்
பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
தண்டனை வாசித்து முடித்த நீதிபதியும்
(பதிவில் இல்லை, நான் கேட்டது)
"இனியாவது ஒழுங்கா இருங்க மனே" என்றார்.
அவள் கெஞ்சியதும் அந்தச் சொல்லில்,
அவர் விட்டதும் அதில்.
ஒருதரம் அதைக் கேட்டும் கையை எடுக்காதவனுக்கு
மறுதரம் அது எதற்கு?
சட்டமா அதிபரின் ஐந்து காரணங்களில்
இது இல்லை.

முதல் தவணை நட்டஈடு வாங்க வந்தவள்
முந்தானையைக் காதுவரை இழுத்தபடி
என் மேசையடியில் நின்றாள்.
"அப்பீல் எண்டா நான் திரும்பவும் சொல்லணுமா மனே?"
தேவையில்லை அம்மா, கடுதாசி பேசும்.
"அப்ப அந்தக் கடுதாசியக் காதக் காட்டச் சொல்லுங்க."

அவள் போனபின்
மகன் என்பதை வெட்டி
ஒலித்தபடியே ஆங்கில எழுத்தில் இறக்கினேன்.
நாலே எழுத்து.
கணினி சிவப்புக்கோடு போடவில்லை;
குதிரையின் பிடரிமயிர் என்று
அங்கே அதற்கு ஏற்கனவே பொருள் இருக்கிறது.

கீழே ஒப்பமிட வேண்டும்:
சரியான மொழிபெயர்ப்பு.
இன்னும் ஐந்து நாள்.