பூச்சியம்

உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே
பதினேழாம் இலக்கத் தேக்கு.
துளைகருவியை நெஞ்சுயரத்தில் வைத்துத் திருகினால்
பென்சில் பருமனில் மெல்ல வெளியே வருகிறது
அறுபத்திரண்டு வருசம்.
குளிர்பான உறிஞ்சியில் அடைத்து
இரு முனையிலும் ஒட்டுத்தாள்.
ஆனை வெளிக்கிடும் நேரம், கெதியா, என்கிறான்
காவலுக்கு வந்த தங்கவடிவேல்.

வந்தாறுமூலையில்
கரண்ட் போய்ப் போய் வரும் பின்னேரம்.
உருப்பெருக்கியின் கீழ் எழுபத்தெட்டுச் சூறாவளி:
அதற்குப் பின் நாலு கோடுகள்
தையல் நூலாய் நெருங்கிக் கிடக்கின்றன.
கிளை முறிந்த மரம்
முதலில் இலைக்குத்தான் செலவழித்திருக்கும்.

நடுகைப் பதிவேட்டில் அறுபத்துமூன்று.
றிஸ்மியா மூன்று தரம் எண்ணிவிட்டாள்.
"ஒரு வரிசம் எங்க போன, மிஸ்?"

எங்கும் போகவில்லை.
மாரி பொய்த்த ஓராண்டு
மரம் நின்றது, தடிக்கவில்லை. அவ்வளவுதான்.
ஓடைக்கரையில் நிற்கும் இருபத்துமூன்றாம் மரத்தில்
அதே ஆண்டு இருக்கிறது,
மயிரிழைதான், ஆனால் இருக்கிறது.
பக்கத்து மரத்தைக் கேளாமல்
ஒற்றை மரத்தை நம்பக் கூடாது எங்கள் தொழிலில்.

கட்டத்தை வெறுமையாய் விடாதே,
பூச்சியம் போடு என்றேன்.
போட்டாள். பென்சிலை எடுக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதுவும் வட்டம்தானே, மிஸ்."