இரவல் அரைமணி

எபநேசர் பதினோரு வருடமாக
ஒரே படத்தை எடுக்கிறார்.
நாற்பதாம் காட்சியில் கதவைத் தட்டுகிறவன்
நாற்பத்தொன்றில் தொப்பையோடு உள்ளே நுழைகிறான்.
கதாநாயகி துபாயில்; இரண்டு பிள்ளைகள்.

அவரை ஆவணப்படம் எடுக்க
வியாசர்பாடி போனோம்.
தண்ணீர் கேன் தோளில் இருக்க
"மூஞ்சில வெயில் எரியுது, இப்படி வா" என்று
எங்கள் ஃபிரேமைத் திருத்தினார்.

கடனைப் பற்றிக் கேட்டோம்.
மூன்றாம் மாடியில் கேனை இறக்கிவிட்டு
"கேமராவ அரைமணி குடுப்பா" என்றார்.
எங்கள் படத்தில் அந்த அரைமணி கிடையாது.

மைக் பிடிக்கும் இளம்பரிதி ஒல்லி.
அவனைக் கதவுக்கு முன் நிறுத்தினார்.
"முதுகுதானே, யாருக்குத் தெரியப்போவுது."
ஏழு டேக்.
ஆறை பேசின்பிரிட்ஜ் ரயில் தின்றது.

கேனுக்குக் காத்திருந்த வீட்டுக்காரம்மா
ஏழு முறையும் கதவைத் திறந்தார்.
ஏழாவது முறை
தலைவாரி, பொட்டு வைத்திருந்தார்.