சான்று தருக

ராயப்பேட்டை, பீட்டர்ஸ் சாலைக்குப் பின் சந்து.
மாடியில் கைடு போடும் கம்பெனி.
பதினோராம் வகுப்புத் தமிழ், கடைசி எட்டுப் பக்கம்:
இலக்கியச் சொல், விளக்கம், சான்று.
விளக்கம் போன வருஷத்ததே இருக்கட்டும்,
சான்றை மட்டும் மாத்தும்மா, காப்பின்னு கேஸ் போடுவான்
என்கிறார் நிஜாமுதீன் சார்.

உவமைக்கு
'வாய்தா போல நீண்ட மத்தியானம்' என்று அடித்தேன்.
அவரும் அடித்தார், சிவப்பு மையில்.
நிலவு போல முகம்னு போடு,
திருத்துற வாத்தியாருக்கு நிலவுதான் தெரியும்.

ஆகுபெயருக்கு 'வேளச்சேரி தூங்கவில்லை.'
இடம் தன் பெயரை மனிதருக்குக் கொடுப்பது.
அந்த ராத்திரி நானும் வேளச்சேரியாக இருந்தேன்.
கட்டில் மேல் அடுப்பு,
அடுப்பு மேல் பூனை.
இதை மட்டும் விட்டுவிட்டார்.

முதலெழுத்து ஒன்றினால் மோனை.
குணாளன், குமுதினி
என்று தங்க மையில் அச்சான பத்திரிகை
இன்னும் ஒன்று இருக்கிறது, பீரோ அடித்தட்டில்.
ஒன்பது பொருத்தம் என்றார் ஜோசியர்.
மோனையோடு பத்து.

இரட்டைக்கிளவி
இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தராது.
சலசல, கிசுகிசு.
அடுக்குத்தொடரும் பார்க்க அப்படியேதான் இருக்கும்.
எது எதுவென்று
பிரித்தால்தான் தெரியும்.

உயர் நீதிமன்ற வளாகம், குடும்ப நல நீதிமன்றம்,
பதினாறு வாய்தா,
கேன்டீனில் ஒரே பெஞ்சில் இரண்டு டீ.
பிரித்தார்கள்.
தனித்தனியே இருவருக்கும் பொருள் இருந்தது.
எனக்கு மாதம் ஆறாயிரம்.
(இது சிலேடை. அடுத்த பக்கம் பார்க்க.)

வினைத்தொகைக்கு ஊறுகாயை எல்லாரும் போட்டுவிட்டார்கள்.
நான் தேங்குநீர் என்று போட்டேன்.
தேங்கிய நீர், தேங்குகிற நீர், தேங்கும் நீர்.
மூன்று காலமும் ஒரே சொல்லில் முங்கிக் கிடக்கும்.
கரண்ட் போன நேரம்.
சார் பார்க்கவில்லை. அச்சாகிவிட்டது.

டிசம்பரில், அரையாண்டுக்கு முந்தின நாள்,
பின்னட்டை எண்ணுக்கு ஒரு போன்.
"கைடு கம்பெனியா? புளியந்தோப்புலேந்து பேசறேன்.
எரநூத்தி மூணாம் பக்கம், தேங்குநீர்.
புக்ல இல்லியே. எழுதுனா மார்க் போடுவாங்களா?"

உங்க தெருவுல இருக்கா?

"முட்டி வரைக்கும்."

எந்தக் காலத்துத் தண்ணி அது?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ பக்கெட்டில் மொண்டு ஊற்றும் ஓசை.
அதற்கு இரட்டைக்கிளவி கிடையாது.
"போன வருஷமும் இருந்துச்சு மேடம்" என்றாள்.
அப்ப எழுது என்றேன்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

அடுத்த பதிப்பில் ஊறுகாய் போதும்,
சார் சொல்லிவிட்டார்.
வினையெச்சத்துக்கு இன்னும் சான்று வைக்கவில்லை.
முடியாமல் நின்று
இன்னொரு வினையைத் தேடும் சொல்.

கடைசி வாய்தா அன்றைக்குக்
கையெழுத்துப் போட்டு,
பேனாவைத் திருப்பிக் கொடுத்து,
குடையை பெஞ்சிலேயே விட்டு,
படியிறங்கி