களேபரம்

வாளையாறு. பின்னிரவு இரண்டே முக்கால்.
நாமக்கல் முட்டை லாரி குப்புறக் கிடக்கிறது.
பில்லில் ஒரு லட்சத்து இருபதாயிரம்.
மஞ்சள் வழிந்து வழிந்து
எல்லைப் பலகையைத் தாண்டிக் கேரளம் போகிறது,
சோதிக்க ஆளில்லை.

நான் எடைமேடைக் கணக்கன்.
அந்தப் பக்கத்துக்குப் போன் போட்டேன்:
“சார், இங்க ஒரே களேபரம்.”

சதானந்தன், கான்ஸ்டபிள், மலையாளம் எம்.ஏ.,
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தாழ்ந்த குரலில்,
“ஆணோ, பெண்ணோ?”
“எல்லாருந்தான் சார்” என்றேன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.
கையுறையை இழுத்து மாட்டியபடி இறங்கினாள் நர்ஸ் லிஜி.
“பாடி எவிடே?”
டிரைவர் அர்த்தநாரி, முழங்கையில் சிராய்ப்போடு
டீ குடித்துக்கொண்டிருந்தவன்,
எழுந்து
லாரியின் பாடியைக் காட்டினான்.

அவர்களுக்குக் களேபரம் என்றால் உடல்.
நம் பழைய அகராதியிலும் உடல்தானாம்.
அது எப்போது எழுந்து நடந்து
சந்தைக்குள் புகுந்து கூச்சலானது?
ஏதோ ஒரு பிணத்தை நடுவில் கிடத்தி
எவரோ பங்காளிகள் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

லிஜி எட்டு வருஷம் டூரினில் இருந்தவள்,
கிழவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து.
அங்கே இதற்குக் காஓஸ் என்றாள்.
கூட வேலை செய்த ருமேனியாக்காரி
மூச்சை முன்னால் விட்டு ஹாஓஸ் என்பாளாம்.
பிரெஞ்சுக்காரனுக்கு எழுத ஐந்து எழுத்து வேண்டும்,
வாயில் வருவது கஓ, அவ்வளவே.
எல்லாம் ஒரு கிரேக்கச் சொல்லின் வழி.
அந்தச் சொல்லுக்குச் சத்தமே இல்லையாம்,
உலகத்துக்கு முந்திய பிளவு அது,
திறந்த வாய்.
ரோமாக்காரர்கள்தான் அதற்குள்
மண்ணையும் நீரையும் தாறுமாறாய்ப் போட்டுக் குழப்பினார்கள்.

“வாய் என்றால்?”
சொல்லத் தொடங்கியவளுக்குக் கொட்டாவி வந்தது.
கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருந்தாள்.
எனக்கும் தொற்றியது.
அர்த்தநாரிக்கும்.
புல்லட்டில் அப்போதுதான் வந்து இறங்கிய சதானந்தனுக்கும்.
நாலு வாய் திறந்திருந்த அந்த நேரம்
இரண்டு மாநிலத்திலும் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

அப்புறம் பின்னால் நின்ற சிமெண்டு லாரி அலறியது.

ஆம்புலன்ஸ் நோட்டில் ஒரு கட்டம்:
கிடைத்த உடல்கள், எண்ணிக்கை.
லிஜி என்னிடம் பேனா வாங்கி
பெரிதாக ஒரு முட்டை போட்டாள்.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.